நாள் ஒன்றுக்கு ஒரு டாலர்!

வாடகை வண்டி விஷயத்தில் ஒரு நியதி உண்டு. வண்டி பெரிதாக ஆக, வாடகையும் பெரிதாகும். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை என்று ஒரு குடித்தனத்தையே சக்கரத்தின் மேல் தூக்கி வைத்த 'கேம்பர்வேன்' என்றால் கேட்கவே வேண்டாம். நியூஸிலாந்தில் சீசன் சமயத்தில் அதன் ஒரு நாள் வாடகையைச் சொன்னார்கள் என்றால், நம்மைப் போன்றவர்கள் "சும்மா விசாரிச்சேன்" என்று நாசூக்காக நகர்ந்துவிட வேண்டியதுதான்.

அப்பேர்ப்பட்ட வண்டியை நாள் ஒன்றுக்கு ஒரே ஒரு டாலருக்கு நாங்கள் நான்கு பேர் ஓட்டிக்கொண்டு போனோம். திருடவில்லை, ஸார்! முறைப்படி கையெழுத்துப் போட்டு, சாவி வாங்கி, உபரியாக ஒரு மேப்பும் வாங்கிக்கொண்டு!

விஷயம் இதுதான். அந்த ஊருக்கு வரும் டூரிஸ்ட்டுகளில் பெரும்பாலோர் வடக்குத் தீவில் இருக்கிற ஆக்லாந்தில் வந்து இறங்குகிறார்கள். அங்கே வேனை எடுத்துக்கொண்டு தெற்கே, தெற்கே என்று வந்து, கப்பலில் வேனோடு கடல் தாண்டி, தெற்குத் தீவின் பனிமலைகளையெல்லாம் பார்த்துவிட்டு, கிறைஸ்ட்சர்ச்சிலோ குவீன்ஸ்டவுனிலோ வண்டியை ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். விளைவு? தெற்கே வண்டிகள் குவிந்து கிடக்கும். வடக்கே வண்டி இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டிருப்பார்கள்.

காலி வண்டிகளை வடக்கே கொண்டுபோக ஆள் வைத்தால் சம்பளம், படி, திரும்பி வர டிக்கெட் என்று செலவு. கம்பெனிக்காரர்கள் யோசித்தார்கள். 'நாள் ஒன்றுக்கு ஒரு டாலர். இத்தனை நாளுக்குள் ஆக்லாந்தில் ஒப்படைக்க வேண்டும். வழியில் ஊர் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம்' என்று அறிவித்தார்கள். இதற்கு 'ரீலொகேஷன்' என்று கௌரவமான பெயர். மாணவர்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். கம்பெனி டிரைவர் செய்ய வேண்டிய வேலையை நாம் செய்கிறோம். செய்துவிட்டு, கம்பெனிக்கு நாமே ஒரு டாலரும் கொடுக்கிறோம்! இதைப் பிற்பாடு ஒரகடத்தில் ஒருவரிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வியில்தான் எனக்கு இந்தக் கட்டுரையே தோன்றியது. அவரிடம் வருகிறேன். முதலில் வேன்.

2018 ஏப்ரல். கிறைஸ்ட்சர்ச்சில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். செமஸ்டர் நடுவில் லீவு விட்டார்கள். நான் காஞ்சிபுரத்துக்காரன். கூட இருந்தவர்கள்: திருநெல்வேலிக்காரன் ஒருவன், ஹைதராபாத் பையன் ஒருவன், ஈப்போவில் பிறந்து வளர்ந்த மலேசியத் தமிழன் ஒருவன். நான்கு பேர் பாங்க் கணக்கையும் கூட்டினால் ஒரு நல்ல சைக்கிள் வாங்கலாம்.

மாணவர்கள் வண்டி கட்டிக்கொண்டு கிளம்புவது ஒன்றும் புதுசு இல்லை. 1955 செப்டம்பர் முதல் தேதி ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் லண்டனிலிருந்து இரண்டு லேண்ட்ரோவர்களில் புறப்பட்டு, இந்தியாவில் கல்கத்தா வழியாக, பர்மாக் காடுகளைத் தாண்டி, அடுத்த வருஷம் மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வண்டி கருநீலம், இன்னொன்று வெளிர்நீலம். அவரவர் யுனிவர்சிட்டி நிறமாம்! அவர்களுக்கும் வண்டியைக் கம்பெனிதான் கொடுத்தது. ஆக, ஓசி வண்டி என்பது மாணவர் மரபு. நாங்கள் மரபை மீறவில்லை.

எங்களுக்கு அமைந்த ஒப்பந்தத்தில் ஐந்து நாள். கப்பலில் வேனுக்கும் டிரைவருக்கும் டிக்கெட் கம்பெனி செலவு. மற்ற மூன்று டிக்கெட், டீசல், சாப்பாடு எங்கள் செலவு. நம் தமிழ்நாட்டு லைசென்ஸில் இங்கிலீஷில் இருப்பதால் அப்போது முதல் ஒரு வருஷம் அதைக் காட்டியே அங்கே ஓட்டலாம். அங்கேயும் இடது பக்கம்தான் போக்குவரத்து. "நம்ம ஊர் மாதிரியே இருக்குடா" என்றான் திருநெல்வேலி. ஒரு வித்தியாசம், அங்கே எல்லோருமே இடது பக்கம் போகிறார்கள்.

வண்டியைக் கொடுக்கும்போது ஒரு பெண்மணி அரை மணி நேரம் பாடம் நடத்தினார். எது நல்ல தண்ணீர்த் தொட்டி, எது பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் தொட்டி, காஸ் சிலிண்டரை எப்படி மூடுவது (கப்பலில் ஏற்றும்போது கண்டிப்பாக மூட வேண்டும்), டேபிளை இறக்கிக் கட்டிலாக்குவது எப்படி என்றெல்லாம் காட்டிவிட்டு, கடைசியில், "இதுதான் கேஸட்" என்றார்.

நான் டேப்ரெக்கார்டர் எங்கே என்று தேடினேன். பாட்டுக் கேட்டுக்கொண்டே போகலாம் என்று ஒரு விநாடி சந்தோஷப்பட்டதென்னவோ நிஜம். அவர் வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவைத் திறந்து சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டியை உருவினார். கழிப்பறைக்கு அடியில் இருக்கிற பெட்டி. அதற்குத்தான் 'கேஸட்' என்று பெயர்!

அந்தப் பெட்டிதான் இந்தப் பயணத்தின் கதாநாயகன். கேம்பர்வேன் என்றதும் நாமெல்லாம் ஏரிக்கரை, சூரியோதயம், கையில் காபி என்று நினைக்கிறோம். சத்தியமாக அதெல்லாம் உண்டு. ஆனால் அந்த ஏரிக்கரையில் இரவு நிறுத்த உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது கேஸட்தான். 2011-ல் அதற்கென்று சட்டமே போட்டிருக்கிறார்கள். காசு கொடுக்காமல் பொது இடத்தில் வண்டி நிறுத்தித் தூங்கலாம். ஆனால் பல இடங்களில் உங்கள் வண்டி 'தன்னிறைவு' வண்டியாக இருக்க வேண்டும். அதாவது, உள்ளே இருப்பவர்களுக்கு மூன்று நாளைக்கு வேண்டிய தண்ணீர், மூன்று நாள் கழிவைச் சேமிக்கத் தொட்டி, கழிப்பறை, மூடி போட்ட குப்பைக்கூடை. இவ்வளவும் இருந்தால் சான்றிதழும் ஸ்டிக்கரும். இல்லாமல் நிறுத்தினால் அபராதம். 2023-ல் சட்டத்தை இன்னும் இறுக்கி, கழிப்பறை வண்டியோடு பொருத்தப்பட்டதாகவே இருக்க வேண்டும், கையில் தூக்கிக்கொண்டு போகிற வாளி சமாசாரமெல்லாம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, நிரம்பிய பெட்டியை என்ன செய்வது? அதற்கு ஊருக்கு ஊர் 'டம்ப் ஸ்டேஷன்' இருக்கிறது. பெட்ரோல் பங்க் மாதிரி நேராக வண்டியை ஓட்டிப்போய் நிறுத்தி, பெட்டியை உருவி, பாதாளச் சாக்கடையில் கொட்டி, குழாயைத் திருகிக் கழுவி, மறுபடி மாட்டிக்கொண்டு போகலாம்.

இரண்டாம் நாள் காலை. டம்ப் ஸ்டேஷனில் வண்டி நிற்கிறது. நான்கு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். யாரும் இறங்கவில்லை. ஹைதராபாத் பையன் ஃபோனில் ரொம்ப முக்கியமாக எதையோ பார்த்தான். திருநெல்வேலிக்காரன் மேகத்தை ஆராய்ந்தான். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றேன். சீட்டில் ஹைதராபாத் பெயர் வந்தது. "எங்க வீட்ல இதுக்கு ஆள் வருவாங்கடா..." என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டான். வேனுக்குள் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நம் எல்லோர் வீட்டுக்கும்தான் ஆள் வந்தார்கள். அந்த ஆள் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று நாம் கேட்டதில்லை. ஈப்போக்காரன்தான் முதலில் இறங்கினான். "லேய், கையுறை இருக்குல்ல? வாங்கலா!" என்றான். பின்னாலேயே நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம். பத்து நிமிஷ வேலை. யாரும் சாகவில்லை. அதன் பிறகு முறை வைத்துச் செய்தோம்.

வழியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வடக்கே கைக்கோரா. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பசிபிக், நடுவில் ரோடும் ரயிலும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. 2016 நவம்பர் 14-ல் இங்கே 7.8 அளவுள்ள பூகம்பம். மலை சரிந்து ரோட்டை மூடிவிட்டது. கடலடித் தரையே சில இடங்களில் மேலே எழும்பிவிட்டது! ஒரு வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்த சாலையை 2017 டிசம்பரில்தான் திறந்தார்கள். நாங்கள் போனபோதும் அங்கங்கே ஆள் நின்று 'நில்', 'மெதுவாகப் போ' போர்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பாறைகளில் சீல்கள் நம்மூர் எருமை மாதிரி சாவகாசமாகப் படுத்திருந்தன.

பிக்டனில் கப்பல். மூன்றரை மணி நேரத்தில் வெலிங்டன். அப்புறம் வடக்குத் தீவு. 'டெஸர்ட் ரோடு' என்ற பொட்டல் வெளியில் 2,797 மீட்டர் உயர ருவாபெஹு எரிமலை பனியைப் போர்த்திக்கொண்டு கூடவே வந்தது. டாவ்போ ஏரிக்குப் பக்கத்தில், ஆற்றோரம் இலவச முகாமில் இரவுத் தங்கல். தக்காளி சாதத்துக்குக் கடுகு தாளித்தேன். கடுகு வெடித்ததோ இல்லையோ, கூரையில் இருந்த புகை அலாரம் ஊரைக் கூட்டிவிட்டது. பக்கத்து வேனிலிருந்து ஒரு ஜெர்மன் தாத்தா தீயணைப்பு சிலிண்டரோடு ஓடி வந்தார். தக்காளி சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ரோட்டோருவா ஊருக்குள் நுழைந்ததும் குப்பென்று ஒரு நாற்றம். "கேஸட் லீக்!" என்று அலறினான் திருநெல்வேலி. வண்டியை நிறுத்தி, நான்கு பேரும் குனிந்து நிமிர்ந்து பார்த்தோம். கேஸட் குற்றமற்றது. பூமிக்குள்ளிருந்து வெந்நீர் ஊற்றோடு வருகிற கந்தக வாசனை; ஊரே அப்படித்தான்!

ஐந்தாம் நாள் ஆக்லாந்தில் சாவியைக் கொடுத்தோம். சுற்றிப் பார்த்து டிக் போட்டுக்கொண்டார்கள். மொத்த வாடகை ஐந்து டாலர். அன்றைய கணக்கில் இருநூற்றைம்பது ரூபாய்க்கும் குறைவு. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து விமானத்தில் கிறைஸ்ட்சர்ச் திரும்பினோம்.

* * *

படிப்பு முடிந்தது. ஊர் திரும்பி, ஒரகடத்தில் ஒரு சீட் கம்பெனியில் சேர்ந்தேன். எம்.எல்.ஏ. சீட் இல்லை, ஸார், வண்டி சீட். டிரைவர் முதுகு எத்தனை டிகிரி சாய்ந்தால் வலிக்காது, குலுங்கல் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுகிற வேலை.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் உங்களில் பாதிப் பேருக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்து போகிறவர்கள் நீங்கள். 1998-ல் ஹூண்டாய் இங்கே முதல் கார் விட்டது. 2010-ல் ரெனோ-நிஸ்ஸான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரிகளின் டெய்ம்லர், அடுத்த வருஷம் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தார்கள். டயர், கண்ணாடி, செல்ஃபோன் எல்லாம் உண்டு. ராமானுஜர் அவதரித்த ஊரில் இப்போது கொரிய எழுத்தில் ஹோட்டல் போர்டுகள். கொரியர்களிடம் 'ச்சாபாக்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. 'ச்சா' என்றால் வண்டி, 'பாக்' என்றால் இரவுத் தங்கல். காரின் பின் சீட்டை மடக்கிவிட்டு உள்ளேயே படுத்துத் தூங்குகிற பொழுதுபோக்கு. வார இறுதியில் ஜாலியாகச் செய்கிறார்கள்.

நம் ஒரகடத்தில் ச்சாபாக் ஜாலிக்காக இல்லை. சிங்கபெருமாள்கோயில் ரோட்டில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். கார் ஏற்றுகிற நீள டிரெய்லர்கள், கன்டெய்னர் லாரிகள் ஓரங்கட்டி நிற்கும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகைப் படுக்கை. டூல் பாக்ஸுக்குள் அடுப்பு, அரிசி, மிளகாய்த்தூள். அடிப்பக்கம் தொங்குகிற தண்ணீர் டாங்கில் ஒரு குழாய். இறக்கின கதவு நிழலில் ரசம் கொதிக்கும். பார்த்தவுடனே எனக்கு டாவ்போ ஞாபகம்தான். அடடா, கேம்பர்வேன் என்று நாங்கள் பீற்றிக்கொண்டது இதைத்தானா! எல்லாம் அதே. கேஸட் மட்டும்தான் இல்லை. அதற்குக் கருவேலங்காடு.

இதே பகுதியில் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் சிப்காட் கட்டிய விடுதியைத் திறந்தார்கள். 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். ஃபேக்டரிக்குள் நின்று வேலை பார்க்கிறவருக்குக் கட்டில் வேண்டும் என்று ஒரு அரசாங்கத்துக்குத் தோன்றியிருக்கிறது; மனசார நல்ல காரியம். செய்த பொருளை வெளியே கொண்டுபோகிறவரும் மனுஷன்தானே என்பது அடுத்து தோன்ற வேண்டும்.

லாரிக்காரருக்காவது பலகை இருக்கிறது. இன்னொரு ஜாதி டிரைவர்கள் இருக்கிறார்கள். பஸ் சேஸிஸ் ஓட்டுகிறவர்கள்.

பார்த்திருப்பீர்கள். எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், ஒரு சீட். அவ்வளவுதான் வண்டி. சுவர் இல்லை, கூரை இல்லை, முன் கண்ணாடி இல்லை. எலும்புக்கூடு எழுந்து ஓடுகிற மாதிரி ஹைவேயில் போகும். மேலே ஒருவர் ஹெல்மெட் போட்டு, மூக்கை மறைத்துத் துண்டு கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, விண்வெளி வீரர் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஃபேக்டரியிலிருந்து பாடி கட்டுகிற பட்டறைக்குப் போகிறார். பஸ் பாடி என்றால் நம் மாநிலத்தில் முதலில் சொல்கிற ஊர் கரூர். ஒரகடத்திலிருந்து முந்நூற்றைம்பது கி.மீ. சொச்சம்.

ஒரகடம் ஜங்ஷன் பக்கம் டீக்கடையில் அப்படி ஒருவரைப் பார்த்தேன். ஐம்பது வயசு இருக்கும். நாமக்கல் பக்கத்துக்காரர். நான் சீட் கம்பெனி ஆள் என்று தெரிந்ததும், "வாங்க தம்பி, உங்களத்தான் தேடிட்டிருந்தேன்" என்று முதுகைக் காட்டினார். பேச்சு எங்கெங்கோ போய், நியூஸிலாந்தில் வந்து நின்றது. ரீலொகேஷன் கதையைச் சொன்னேன்.

"அப்ப நம்ம வேலைதான் தம்பி அது! வண்டியக் கொண்டுபோய் விட்டுட்டு வர்றது."

"ஆமாண்ணே."

"நாளைக்கு ஒரு டாலருன்னா... நம்ம காசுக்கு எவ்வளவு?"

"அப்போ நாப்பத்தஞ்சு, அம்பதுக்குள்ள."

"அம்பது ரூவாதானா கூலி? அந்த ஊர்லயுமா இப்படிப் பண்றானுங்க?"

"கூலி இல்லண்ணே. நாங்கதான் அவங்களுக்குக் குடுத்தோம்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "வண்டிய ஓட்டிக் குடுத்துட்டு, காசையும் நீங்களே குடுத்தீங்களா?"

கடையில் இருந்த நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய படிப்புப் படித்தவன் என்ற மரியாதை அந்த இடத்தில் சரிந்ததைக் கண்ணால் பார்த்தேன். உள்ளே நாலு பேர் படுக்கலாம், அடுப்பு இருக்கு, ஃப்ரிட்ஜ் இருக்கு, பாத்ரூம் இருக்கு என்று அவசரமாக அடுக்கினேன். பாத்ரூம் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார். "அப்ப குடுக்கலாம்" என்றார்.

பிறகு அவர் தன் வண்டியைப் பற்றிச் சொன்னார். மழை பெய்தால் ஊசி மாதிரி குத்தும். விழுப்புரம் தாண்டி ராத்திரியில் பூச்சி வந்து கண்ணாடியில் அப்பும். சித்திரை, வைகாசியில் மேலேயிருந்து வெயில், கீழேயிருந்து எஞ்சின் சூடு, நடுவில் இவர். வழியில் படுக்க நேர்ந்தால் பெட்ரோல் பங்க்கில் ஓரங்கட்டி, வண்டியை ஒட்டியே தரையில் துண்டை விரிப்பார். தள்ளிப் போக முடியாது. "பூட்டறதுக்குக் கதவு இருந்தாத்தானே தம்பி? அசந்தா பேட்டரியைக் கழட்டிட்டுப் போயிருவான். அப்புறம் யாரு கணக்குல எழுதுவாங்க? நம்ம கணக்குலதான்."

லாரி டிரைவர்களுக்காகப் பங்க்குகளில் 'அப்னா கர்' என்று தங்கும் விடுதிகளை எண்ணெய்க் கம்பெனிகள் நடத்துகின்றனவே, படுக்கை, குளியலறை, நாமே சமைத்துக்கொள்ள இடம்கூட உண்டே என்று கேட்டேன். "ஒரு தடவை படுத்திருக்கேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது இருக்கற எடத்துல நமக்குத் தூக்கம் வரணுமே!" என்றார்.

2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளின் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி வந்திருக்கிறது. எங்கள் கம்பெனியில் இதைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொள்வோம். அதையும் சொல்லிப் பார்த்தேன்.

"கேபின் இருக்கறவனுக்குத்தானே?" என்றார்.

இன்னொன்றும் சொன்னேன், கேளுங்கள். 2021-ல் கேரளா டூரிஸத்தில் 'கேரவன் கேரளா' என்று ஆரம்பித்தார்கள். அங்கே முதன்முதலாகக் காட்சிக்கு வைத்த பெரிய கேரவனுக்கு 'டூரிஸ்டா' என்று பெயர். பாரத்பென்ஸ் 1017 பஸ்தான் அதற்கு அடிப்படை. நம் ஒரகடத்துச் சரக்கு! சோபாவாகவும் கட்டிலாகவும் மாறுகிற இருக்கை, ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், ஏ.சி., கழிப்பறை எல்லாம் வைத்து, வாகமண் மலையில் கேரவன் பார்க்கும் திறந்தார்கள். வீட்டில் பழைய வேன் ஒன்று நிற்கிறது, நாமே கட்டில் போட்டு ஓட்டிவிடலாம் என்று யாராவது நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு குறுக்கே படுத்திருக்கிறது. தயாரித்தவர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. கேரவனுக்கென்று தனி விதிமுறை இருக்கிறது. அதன்படி கட்டி, ஒப்புதல் வாங்கித்தான் ரோட்டுக்கு வர முடியும். படுக்கை அகலத்திலிருந்து கழிவுத் தொட்டி வரை யாரோ உட்கார்ந்து யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உல்லாசமாக மலையேறப் போகிறவருக்கு இத்தனை யோசித்தவர்கள், அதே மாதிரி வண்டியை எலும்புக்கூடாக இருக்கும்போது ஓட்டிப் போகிறவருக்கு ஒரு தகரக் கூரையும் முன்னால் ஒரு கண்ணாடியும் வைத்துக் கொடுக்க முடியாதா? கழற்றி, திரும்பக் கொண்டுவந்து, அடுத்த வண்டியில் மாட்டினால் ஆயிற்று. நான்கு போல்ட் சமாசாரம். சீட் கம்பெனிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், இது ராக்கெட் இல்லை.

அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "கூரை வேணாம் தம்பி. சீட்டுக்குப் பின்னாடி பூட்டு போட்ட பொட்டி ஒண்ணு வெச்சுக் குடுங்க, போதும். மாத்துத் துணி நனையாம இருந்தா சரி. கரூர்ல எறங்கினதும் பஸ் ஏறணும். ஈரத் துணியோட ஏறினா கண்டக்டர் சீட்ல உக்கார விடமாட்டான்."

வண்டியை விட்டபின் அவர் திரும்புவது பஸ்ஸில். ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் பை. பைபாஸ் பஸ் நிறுத்தங்களில் ஹெல்மெட்டோடு ஒருவர், பைக் இல்லாமல், பஸ்ஸுக்குக் காத்திருந்தால் அனேகமாக இவர்களில் ஒருவர்தான்.

டீயைக் குடித்துவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைச் சுற்றிக் கட்டினார். தற்காலிக நம்பர் ஒட்டிய சேஸிஸ் எதிரே நின்றுகொண்டிருந்தது. ஹெல்மெட்டை மாட்டப் போனவர், ஏதோ ஞாபகம் வந்தவர் போல நிறுத்தினார்.

"ஆமா, அந்த ஊர்ல வண்டிய விட்டுட்டுத் திரும்பி வந்தீங்களே, அந்தச் செலவு யாருது?"

"எங்களதுதான்ணே. ஃப்ளைட்ல வந்தோம்."

"அதுவும் உங்களதா!"

தலையில் அடித்துக்கொள்ளத் தூக்கிய கையால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். டீக்கடைக்காரரிடம், "தம்பி டீக்கும் சேத்து நானே குடுத்துடறேன்" என்றார்.